கதைக்களச் செயல்திட்டம்: மதிப்பெண் எதற்கு, எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்விப் பக்கங்களில் மாணவர் செயல்திட்டக் கண்காட்சிப் படங்கள் வரும்போதெல்லாம் கதைக்களம், அதாவது கதை நடக்கும் இடமும் நேரமும், பற்றிய மாதிரிகள்தான் முன்வரிசையில் நிற்கின்றன. தெர்மாகோல் மலை, பஞ்சு மேகம், நீலத்தாள் ஆறு. படத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மாணவர் கதையை எப்படிப் படித்தார் என்பது கேமராவில் விழுவதில்லை. அடுத்த முறை மாதிரியின் படத்தோடு அதைச் செய்த மாணவர் எழுதிய ஒரு பத்தியையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். பல மாதிரிகளுக்கு அப்படியொரு பத்தியே இல்லை என்பது அப்போது தெரியவரும். பத்தி இல்லாமலே இருபதுக்கு பதினெட்டு வாங்கியிருப்பார்கள் என்பதும் தெரியவரும்.

கோளாறு மாணவரிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ‘கதையின் களத்தைச் சார்ட்டில் வரைந்து வருக’ என்று எழுதிப் போட்டால் வரைந்துதான் வருவார்கள். வரைந்து வந்ததற்குப் போடும் மதிப்பெண் ஓவியத்துக்குப் போடும் மதிப்பெண்தான். கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘இந்தக் கதையில் இடமும் நேரமும் என்ன வேலை செய்கின்றன? கதையிலிருந்து நான்கு சான்றுகள் தந்து விளக்குக. விரும்பினால் வரைபடமோ மாதிரியோ சேர்க்கலாம்.’ இந்தத் தாளோடு மதிப்பெண் எப்படிப் பிரியும் என்ற அட்டவணையையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். திருத்த உட்காரும்போது தயாரிக்கும் அட்டவணை, கையில் இருக்கும் நல்ல சார்ட்டுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும். முன்கூட்டியே கொடுத்தது வளையாது.

களம் என்றால் இடம் என்று நிறுத்திக்கொள்வதுதான் மாணவர் செய்யும் முதல் தவறு. தமிழ் படிப்பவருக்கு இதை விளக்குவது கடினமே இல்லை. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள், அதாவது பாட்டுக்கு அடிப்படை, என்றது தொல்காப்பியம். பொழுதிலும் பருவத்தைக் குறிக்கும் பெரும்பொழுது வேறு, நாளின் பகுதியைக் குறிக்கும் சிறுபொழுது வேறு. காட்டு நிலமான முல்லைக்குக் கார்காலமும் மாலையும் சொல்லி, உரிப்பொருளாக, அதாவது அந்த நிலத்துக்கு உரிய உணர்வாக, இருத்தலை (தலைவி காத்திருப்பதை) வைத்தார்கள். தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிப்போன பருவம் கார். ஆகவே மேகம் கறுத்ததும் காத்திருப்பு கனக்கிறது. மேகம் அங்கே அலங்காரத்துக்காக நிற்கவில்லை, கெடு வந்துவிட்டதைச் சொல்கிறது. நேரம் ஒரு கதையில் செய்யும் வேலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வகுப்பில் பத்து நிமிடம் இதைப் பேசிவிட்டுச் செயல்திட்டத்தைக் கொடுத்தால் விடைகளின் தரம் ஒரு படி ஏறும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைக் கேட்ட மாணவர் சிலர் எந்தச் சிறுகதையை எடுத்தாலும் ‘மலை வருகிறது, ஆகவே குறிஞ்சி’ என்று முத்திரை குத்திவிட்டு வந்து நிற்பார்கள். அதற்குச் சுழி போடத் தயங்க வேண்டாம். கேட்டது நிலத்துக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள உறவை. பெயர்ப்பலகையை யாரும் கேட்கவில்லை.

நேரத்தில் மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது கால அளவு. கதை நடக்கும் ஆண்டோ பருவமோ எழுதுவார்கள், பகலா இரவா என்பதைச் சிலர் எழுதுவார்கள். மொத்தக் கதையும் எத்தனை மணி நேரத்தில் அல்லது எத்தனை ஆண்டுகளில் நடந்து முடிகிறது என்பதை எழுதுபவர் மிகக் குறைவு. ஓர் இரவுக்குள் முடியும் கதைக்கும் முப்பது ஆண்டு ஓடும் கதைக்கும் இடம் வேறுவிதமாகப் பயன்படுகிறது. முன்னதில் ஓர் அறைக்குள்ளேயே எல்லாம் நடந்துவிடலாம். பின்னதில் அதே அறையின் சுவர் வெளிறியிருப்பதும் நாற்காலி ஒன்று குறைந்திருப்பதுமே கதையைச் சொல்லிவிடும். எனவே சார்ட்டின் மூலையில் ஒரு கோடு கிழித்து, கதை தொடங்கும் பொழுதையும் முடியும் பொழுதையும் குறிக்கச் சொல்லுங்கள். நினைவோட்டமாக வரும் பகுதிகளைக் கோட்டுக்குக் கீழே குறிக்கட்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் கதையை முழுக்கப் படிக்காதவரால் அதைச் செய்ய முடியாது.

மதிப்பெண் பிரிப்புக்கு வருகிறோம். மொத்தம் 20 என்றால், சான்றுகளுக்கு 6, இடமும் நேரமும் செய்யும் வேலையின் விளக்கத்துக்கு 7, வரைபடம் அல்லது காலக்கோட்டின் துல்லியத்துக்கு 3, வாய்மொழிக்கு (மாணவரிடம் நேரில் கேட்கும் சிறு கேள்விகளுக்கு) 2, நேர்த்திக்கு 2. நேர்த்திக்கு இரண்டுதானா என்று பெற்றோர் கேட்பார்கள். இரண்டேதான். அதுவும் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, தலைப்புகள் உள்ளனவா, எது எங்கே என்று தேடாமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதற்கு. ஜிகினாவுக்கு இதில் இடமில்லை.

சான்று என்பது கதையில் உள்ள ஒரு வரி. வரி சரியாக இருந்தால் அரை, பக்க எண் இருந்தால் அரை, அந்தச் செய்தியை ஆசிரியர் நேரடியாகச் சொன்னாரா அல்லது மாணவர் ஊகித்தாரா என்று பிரித்துக் காட்டியிருந்தால் அரை. ஆக ஒரு சான்றுக்கு ஒன்றரை, நான்குக்கு ஆறு. கடைசி அரை மதிப்பெண்ணைத்தான் எல்லோரும் இழக்கிறார்கள், அதனால்தான் அதை வைக்க வேண்டியிருக்கிறது. ‘அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்’ என்பது வரி. ‘குளிர்காலம்’ என்பது ஊகம். காய்ச்சலாகவும் இருக்கலாம். ஊகிப்பது தவறே அல்ல. ஊகத்தைச் செய்தி போல எழுதுவதுதான் தவறு. ஊகத்துக்குத் துணையாக இன்னொரு வரியையும் காட்டும் மாணவர் நல்ல வாசகர், அவருக்கு விளக்கப் பகுதியில் அரையோ ஒன்றோ கூடுதலாகத் தரலாம்.

இதோடு ஒரு விதி அவசியம்: முதல் பக்கத்திலிருந்து ஒரு சான்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. வருணனை பெரும்பாலும் தொடக்கத்தில் குவிந்திருக்கும். அந்தப் பத்தியை நான்காக வெட்டி ஒட்டினால் நான்கு சான்று ஆகிவிடும், கதையை மேற்கொண்டு படிக்கத் தேவையிருக்காது. தொடக்கம், நடு, முடிவு மூன்றிலிருந்தும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த வழி அடைபடும்.

விளக்கத்துக்கான ஏழைப் போடுவதில்தான் திருத்துபவருக்குத் திருத்துபவர் வேறுபாடு மிகுதி. ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று அளவுகோலில் எழுதி வைத்தால் பயனில்லை. மாணவர் என்ன செய்திருக்கிறார் என்பதை வைத்துப் படிநிலை அமைய வேண்டும். இடத்தின் பெயரையும் பருவத்தையும் மட்டும் சொல்லியிருந்தால் ஒன்று. அது எப்படி இருக்கிறது என்று வருணித்திருந்தால் இரண்டு அல்லது மூன்று. அந்த இடத்தாலோ நேரத்தாலோ ஒரு நிகழ்ச்சி நடந்ததை அல்லது தடைபட்டதைக் காட்டியிருந்தால் நான்கு அல்லது ஐந்து. அதற்கும் மேலே போய், ஒரு பாத்திரம் எடுத்த முடிவோடு இணைத்து, களத்தில் ஒன்றை மாற்றினால் எந்தக் காட்சி நிற்காது என்று சுட்டியிருந்தால் ஆறு அல்லது ஏழு.

இந்த மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு வரம்பு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் உற்சாகமாகப் புதுக் கதையே எழுதிவிடுவார். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றலாம்: இரவைப் பகலாக்கலாம், அல்லது மழையை நிறுத்தலாம், அல்லது பூட்டிய கதவைத் திறக்கலாம். பிறகு எந்தப் பக்கத்துக் காட்சி விழுகிறது என்று சொல்ல வேண்டும். ‘பகலாக இருந்தால் பயமாக இருந்திருக்காது’ என்பது நான்கைத் தாண்டாது. அது பொதுவாக எல்லா இருட்டுக்கும் பொருந்தும். ‘பகலாக இருந்தால் வந்தவரின் முகம் தெரிந்திருக்கும், பக்கம் 5-இல் அவள் கதவைத் திறந்திருக்க மாட்டாள்’ என்பது ஏழு. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. எழுதிய எழுத்தின் நீளத்தில் அந்தத் தூரம் தெரியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கதையிலும் களம் கடுமையாக உழைக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. சில கதைகள் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியவை. நீதிக்கதைகளில் ‘ஒரு காட்டில்’ என்பதற்கு மேல் களம் கிடையாது, தேவையும் கிடையாது. ‘இந்தக் கதையில் இடத்துக்கு வேலை மிகக் குறைவு, எந்த இடத்துக்கு மாற்றினாலும் எந்தக் காட்சியும் விழவில்லை’ என்று சோதித்துக் காட்டும் மாணவருக்கு முழு மதிப்பெண் உண்டு. அதைச் சொல்லத் துணிவு வேண்டும். பல அளவுகோல்கள் அந்தத் துணிவைத் தண்டிக்கின்றன.

எடுத்துக்காட்டாக இப்படி ஒரு சிறுகதையை வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கத் தம்பி வீட்டுக்கு வருகிறார். நான்கு மணிக்குத் திரும்பிவிட எண்ணம். ஆற்றில் வெள்ளம் ஏறி, பாலத்தை மூடிவிடுகிறார்கள். இரவு முழுவதும் ஒரே அறையில், ஒரே விளக்கோடு இருவரும் இருக்க வேண்டியதாகிறது. விடியும்போது பத்திரம் கையெழுத்து ஆகாமலே மடித்து வைக்கப்படுகிறது.

முதல் மாணவர் கொண்டுவருவது அட்டை மேல் பெரிய மாதிரி. ஆறு, ஐஸ்குச்சிப் பாலம், பாலத்தின் மேல் பொம்மைக் கார். கீழே நான்கு வாக்கியம்: ‘கதைக்களம் ஆற்றங்கரை ஊர். காலம் மழைக்காலம். எங்கும் இருள் சூழ்ந்திருந்தது. இயற்கையின் சீற்றத்தை ஆசிரியர் அழகாக வருணித்துள்ளார்.’ பக்க எண் எதுவும் இல்லை. முதல் இரண்டும் சரியான செய்தி, ஆகவே அரை அரையாகச் சான்றுக்கு 1. மூன்றாவது வாக்கியம் கதையிலேயே இல்லை, நான்காவது எந்தக் கதைக்கும் பொருந்தும். விளக்கம் வருணனையோடு நின்றுவிட்டது, 2. துல்லியத்துக்கு 1, ஏனென்றால் மூடிய பாலத்தில் கார் ஓடுகிறது. வாய்மொழி 1, நேர்த்தி 2. மொத்தம் 7.

இரண்டாம் மாணவர் தருவது பென்சிலால் வரைந்த ஒரு தாள். அறையின் மேல்நோக்கு வரைபடம், இரண்டு கட்டில், நடுவே விளக்கு. பக்கத்தில் நான்கு சான்று எழுதியிருக்கிறார், அவற்றில் இரண்டு: ‘பக்கம் 3: பாலத்தை மூடிவிட்டார்கள், நேரடிச் செய்தி. மூடாவிட்டால் அண்ணன் நான்கு மணிக்குக் கையெழுத்தோடு போயிருப்பார். பக்கம் 6: விளக்கு ஒன்றுதான், நேரடிச் செய்தி. மாத்திரை அட்டையைப் படிக்க அண்ணன் தம்பியின் கட்டிலுக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டு விளக்கு இருந்தால் அவர் வந்திருக்க மாட்டார், பக்கம் 7 இருக்காது.’ நான்கு சான்றில் மூன்று முழுமை, ஒன்றின் வரியே வேறு கதையிலிருந்து வந்திருக்கிறது, ஆகவே 4½. விளக்கம் 6. வரைபடத்தில் சன்னல் தவறான பக்கம், ஆற்றின் ஓசை பின்புறத்திலிருந்து கேட்பதாகக் கதையில் வருகிறது. துல்லியம் 2. வாய்மொழி 2. கையெழுத்து கிறுக்கல், நேர்த்தி 1. மொத்தம் 15½.

அட்டவணை இல்லாமல் பார்த்த மாத்திரத்தில் போட்டால் இந்த இரண்டும் ஏறக்குறைய இடம் மாறியிருக்கும். அந்த மாதிரியை மேசையில் வைத்துக்கொண்டு ஏழு போட யாருக்கும் கை வராது. அதனால்தான் வரிசை முக்கியம்: எழுத்துத் தாளை முதலில் திருத்தி மதிப்பெண்ணை எழுதிய பிறகே மாதிரியைப் பார்க்க வேண்டும். மாதிரியையும் தாளையும் தனித்தனியாக வாங்கி வைத்தாலே இது எளிது.

திருத்துபவரின் கண்ணும் களைக்கும். ஒரு மாணவரின் எல்லாப் பகுதியையும் முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போவதைவிட, எல்லோருடைய சான்றுகளையும் முதலில், எல்லோருடைய விளக்கத்தையும் அடுத்து என்று பகுதி பகுதியாகப் போவது நல்லது. ஒரே அளவு மனத்தில் நிற்கும். ஒரு பகுதியில் கிடைத்த நல்ல அபிப்பிராயம் அடுத்த பகுதிக்கு ஒழுகாது. நடுவில் இருபது தாள் தாண்டியதும், முதலில் திருத்திய ஐந்தை எடுத்து மீண்டும் பாருங்கள். தொடக்கத்தில் கடுமையாகவும் பின்னால் தாராளமாகவும் போவது, அல்லது அதற்கு நேர்மாறாகப் போவது, எல்லோருக்கும் நடக்கும். இன்னொரு ஆசிரியர் கிடைத்தால் மூன்று தாளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். இருபதில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால் அளவுகோலின் சொற்கள் தெளிவாக இல்லை என்று பொருள். யார் சரி என்று வாதிடாமல் அந்தச் சொற்களை மாற்றுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. ஒரு தாளுக்கு 6 நிமிடம் என்றால் 40 பேருக்கு 4 மணி நேரம். வாய்மொழிக்கு இன்னும் 3 நிமிடம் சேர்த்தால் மேலும் 2 மணி. முடியாத வகுப்பில் சான்றை மூன்றாகக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் 2 போடலாம்: வரிக்கு 1, பக்க எண்ணுக்கு அரை, நேரடியா ஊகமா என்பதற்கு அரை. வாய்மொழியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்ததும், இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ எடுத்து ஒட்டியதும் வெளிப்படுவது அங்கேதான். கேள்விகள் சிறியவையாக இருக்கட்டும். ‘மாலை என்று எழுதியிருக்கிறாய், எந்த வரி அதைச் சொல்கிறது?’ ‘கதவை ஏன் இந்தப் பக்கம் வைத்தாய்?’ ‘கதையில் இருந்தும் நீ வரையாமல் விட்டது எது, ஏன் விட்டாய்?’ மூன்றாவது கேள்விக்குத் தானே செய்தவர் உடனே பதில் சொல்வார். மற்றவர் சார்ட்டைத் திரும்பிப் பார்ப்பார்.

எடுத்து ஒட்டியதைச் சந்தேகத்தின் பேரில் தண்டிப்பது வேண்டாம். மெய்ப்பிக்க முடியாது, மனக்கசப்புதான் மிஞ்சும். பக்க எண் கேட்கும் அட்டவணை அந்த வேலையை ஓசையில்லாமல் செய்துவிடும். செயலி தரும் கட்டுரை வழக்கமாக ‘களம் பாத்திரங்களின் உள்மனப் போராட்டத்தைப் பிரதிபலிக்கிறது’ என்ற பாணியில் பொதுவாக ஓடும். சில வேளை கதையில் இல்லாத வரியையே மேற்கோள் குறிக்குள் தரும். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள், வரி இல்லையென்றால் சான்றுக்குச் சுழி. அதற்கு மேல் விசாரணை தேவைப்படாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் சான்று எடுக்கும் பகுதியை மட்டும் வகுப்பிலேயே இரண்டு பாடவேளையில், ஒரு ஏ4 தாளில் செய்ய வைக்கலாம்.

வரைபடத்தில் பிழை தேடும்போது ஒரு விஷயம். சில கதைகளில் ஆசிரியரே தடுமாறியிருப்பார். முன்பு கிழக்குப் பார்த்த வாசல் பின்னால் மேற்குப் பார்க்கும், அரை மணி நடந்த தூரம் ஐந்து நிமிடமாகும். அதைக் கண்டுபிடித்துத் தாளில் குறித்த மாணவருக்குத் துல்லியத்தின் மூன்றையும் கொடுத்துவிடலாம். தேர்வாளர் அதைக் கவனிக்காமல் மாணவர் வரைபடம்தான் தவறு என்று குறைப்பதும் நடக்கிறது. எனவே திருத்தும் முன் தேர்வாளர் தானே ஒரு முறை அந்தக் கதைக்கு வரைபடமும் காலக்கோடும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வரைய வராதவருக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் வேறு அளவுகோல் வேண்டியதில்லை. வரைபடத்துக்குப் பதில் காலக்கோடோ, ‘வாசலில் நுழைந்தால் இடப்பக்கம் விளக்கு’ என்பது போன்ற வாய்மொழி விவரிப்போ அதே மூன்றுக்குப் போதும்.

குழுவாகச் செய்தால் நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போடும் பழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சான்றையும் அதன் விளக்கத்தையும் பெயர் போட்டு எழுதட்டும். இருபதில் 8 அந்தத் தனிப் பங்குக்கும் தனி வாய்மொழிக்கும், 12 பொதுவுக்கு. குழுவில் வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் செய்தவர் யார், கதையைப் படித்தவர் யார் என்பது இதில் தெரியும்.

திருப்பிக் கொடுக்கும் தாளில் ‘நன்று’ என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றே. எந்த இடத்தில் வாதம் நின்றது என்று ஒரு வரி, எதைச் செய்தால் மேலே போகலாம் என்று ஒரு வரி. முதல் மாணவருக்கு எழுதுவதானால்: ‘பாலத்தை மாதிரியில் கொண்டுவந்தது நல்ல தேர்வு. அது மூடப்படும் பக்கத்தைக் கண்டுபிடித்து, மூடாமல் இருந்தால் எந்தக் காட்சி நடக்காது என்று மூன்று வரி எழுதிக் கொடு.’ ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தால் விளக்கப் பகுதியில் 2 வரை கூட்டலாம் என்று வைத்தால் கதையை மறுபடி திறப்பார்கள். மாதிரியைத் திருத்திக் கொண்டுவர மட்டும் அனுமதிக்காதீர்கள், அந்த வாரமும் பசையிலும் பஞ்சிலும் போய்விடும்.

இப்படிக்கு,
மொழிப்பாடத் தேர்வாளர்கள் சிலர்